கண்காணிப்பு மென்பொருள்களில் அலார விதிகளும் பதிவு விதிகளும்: ஒரு வரலாற்று நோக்கு (1979–2022)

ஆய்வுச்சுருக்கம்

ஆலைகளையும் மின்கட்டமைப்புகளையும் கணினி வலையமைப்புகளையும் கண்காணிக்கும் மென்பொருள்கள் ஓயாமல் செய்திகளை வெளியிடுகின்றன. அவற்றுள் எதைப் பணியாளரின் கண்முன் நிறுத்துவது, எதைக் கோப்பில் மட்டும் எழுதிவைப்பது, எதை விட்டுவிடுவது என்பதை முன்கூட்டியே எழுதப்பட்ட விதிகள் முடிவு செய்கின்றன. இவ்விதிகள் உருவான வரலாற்றை மூன்று பெருவிபத்துகளின் விசாரணை அறிக்கைகள் வழியாகவும், சிஸ்லாக், நாகியோஸ், புரோமிதியஸ் முதலான மென்பொருள்களின் அமைப்பு வழியாகவும் இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு செய்தியின் தீவிரத்தை அதனை அனுப்புவோர் முடிவு செய்வதா, பெறுவோர் முடிவு செய்வதா என்னும் சிக்கலே இவ்வரலாற்றின் மையம் என்பது கட்டுரையின் வாதமாகும்.

திறவுச்சொற்கள்: அலாரம், பதிவு, தீவிர நிலை, சிஸ்லாக், கட்டுப்பாட்டு அறை, அடக்கு விதி, மின்தடை

முன்னுரை

கணினியியல் வரலாறு தமிழில் எழுதப்படும்போது பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவோ கண்டுபிடிப்பாளர்களின் வரலாறாகவோ அமைகிறது. கருவிகளுக்குள் எழுதப்பட்டுள்ள விதிகளுக்கும் வரலாறு உண்டு என்பது போதிய கவனம் பெறவில்லை. ஒரு சர்வரில் வட்டு நிரம்பும் நிலையில் நள்ளிரவில் ஒருவரது கைப்பேசி ஒலிக்க வேண்டுமா, அல்லது காலையில் படிப்பதற்கான ஒரு வரி எழுதப்பட்டால் போதுமா என்பது சிறு தொழில்நுட்ப முடிவாகத் தோன்றலாம். ஆனால் இத்தகைய ஒவ்வொரு முடிவின் பின்னும், யாருடைய கவனம் அரியது, யாருடைய கூற்று நம்பத்தக்கது, தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு என்னும் கேள்விகள் உள்ளன.

சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு இங்குத் தேவைப்படுகிறது. ‘அலாரம்’ என்பதன் மூலம் ‘ஆயுதம் ஏந்துக’ எனப் பொருள்படும் இத்தாலிய அழைப்பு. ‘லாக்’ என்பது கப்பலின் வேகத்தை அளக்கக் கயிற்றில் கட்டிக் கடலில் எறியப்பட்ட மரக்கட்டையைக் குறித்துப் பின்னர் அவ்வளவு எழுதப்பட்ட ஏட்டுக்குப் பெயராயிற்று. முன்னது உடனடிச் செயலைக் கோருவது. பின்னது பிற்காலத்தில் படிக்கப்படுவதற்காக எழுதப்படுவது. தமிழில் ‘லாக்’ என்பதற்குப் ‘பதிவு’ பொருந்துகிறது. ஆனால் அலாரம், அலர்ட், வார்னிங் ஆகிய மூன்றுக்கும் ‘எச்சரிக்கை’ என்னும் ஒரே சொல்லைப் பயன்படுத்தும் வழக்கம் பரவலாக உள்ளது. இம்மூன்றும் வெவ்வேறு படிநிலைகளாக வரையறுக்கப்பட்ட துறையில் இவ்வழக்கம் குழப்பம் தரும் என்பதால், இக்கட்டுரை ‘அலாரம்’ என்னும் கடன்சொல்லையே ஆள்கிறது.

வந்த வரிசையில் அச்சிடுதல்: மூன்று மைல் தீவு, 1979

1979 மார்ச் 28 அன்று அதிகாலை 4 மணியளவில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள மூன்று மைல் தீவு அணுமின் நிலையத்தின் இரண்டாம் உலையில் விபத்து தொடங்கியது. அழுத்தத்தைத் தணிக்கத் திறந்த வால்வு ஒன்று மீண்டும் மூடிக்கொள்ளவில்லை. குளிர்விக்கும் நீர் அதன் வழியே இரண்டு மணி நேரத்திற்கும் மேலாக வெளியேறியது. கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்த விளக்கோ வால்வு மூடிவிட்டது என்னும் எண்ணத்தைப் பணியாளர்களுக்குத் தந்தது. அவ்விளக்கு வால்வின் உண்மை நிலையைக் காட்டவில்லை. மூடுவதற்கான கட்டளை அனுப்பப்பட்டதா என்பதையே காட்டியது.

இவ்விபத்தை ஆராய்ந்த கெமெனி ஆணையத்தின் அறிக்கை அலாரங்களைப் பற்றித் தனியே பேசுகிறது. தொடக்கக் கட்டத்திலேயே நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள் ஒலித்தன. முக்கியமற்றவற்றை அடக்கி முக்கியமானவற்றைப் பிரித்துக்காட்ட எந்த ஏற்பாடும் இருக்கவில்லை. கணினியுடன் இணைந்த அச்சுப்பொறி அலாரங்களை வந்த வரிசையிலேயே அச்சிட்டது. நிகழ்வுகளின் வேகத்திற்கு ஈடுகொடுக்க முடியாமல் ஒரு கட்டத்தில் அது இரண்டரை மணி நேரத்திற்கும் மேலாகப் பின்தங்கியது. இடையே சிக்கிக்கொண்டதால் சில செய்திகள் அச்சேறாமலே போயின. அலாரப் பலகை தமக்குப் பயனுள்ள எதையும் சொல்லவில்லை என்பதால் அதனைத் தூக்கி எறியவே தோன்றியது என்னும் கருத்துப்பட ஒரு பணியாளர் ஆணையத்தின் முன் சாட்சியமளித்தார்.

இங்கு அலாரமும் பதிவும் ஒரே தாளில் ஒன்றாகக் கிடந்தன. அந்த அச்சுப்பொறி அலாரக் கருவியாகவும் செயல்படவில்லை, நம்பத்தக்க பதிவேடாகவும் செயல்படவில்லை. ‘முதலில் வந்தது முதலில்’ என்பதும் ஒரு விதியே. யாரும் சிந்தித்து எழுதாத விதி அது. இயந்திரத்தின் இயல்பிலிருந்து தானாக அமைந்தது. விபத்துக்குப் பின்னர் அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் கட்டுப்பாட்டு அறைகளின் வடிவமைப்பை மறுபரிசீலனை செய்வதற்கான வழிகாட்டியை 1981இல் வெளியிட்டது. ஆனால் அது அணுமின் நிலையங்களுக்கு உரியது. பிற தொழில்துறைகள் அப்பாடத்தைக் கற்க மேலும் பல ஆண்டுகள் ஆயின.

அனுப்புவோர் இடும் எண்: சிஸ்லாக்

ஆலைகளின் உலகத்திற்கு வெளியே, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1980களின் தொடக்கத்தில் வேறொரு தேவை எழுந்தது. சென்ட்மெயில் என்னும் அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய எரிக் ஆல்மன், அதன் செய்திகளை ஒழுங்குபடுத்துவதற்காகச் சிஸ்லாக் என்னும் சிறு நிரலை எழுதினார். அதுவரை ஒவ்வொரு நிரலும் தன் செய்திகளைத் தான் விரும்பிய இடத்தில், தான் விரும்பிய வடிவில் எழுதிவந்தது. சிஸ்லாக் அவற்றை ஒரே வாயிலுக்குக் கொண்டுவந்தது. அஞ்சலுக்காக எழுதப்பட்ட இந்நிரல் விரைவில் யூனிக்ஸ் முழுமைக்கும் பொதுவாகி, பின்னர் திசைவிகள், சுவிட்சுகள், ஃபயர்வால்கள் எனப் பரவியது.

அதன் அமைப்பை நுணுகி நோக்குதல் தகும். ஒவ்வொரு செய்தியும் இரு குறிகளைத் தாங்கிவருகிறது. ஒன்று, செய்தி எப்பிரிவிலிருந்து வருகிறது என்பது. கருவகம், அஞ்சல், நுழைவுச் சரிபார்ப்பு எனப் பிரிவுகள் 0 முதல் 23 வரை எண்ணிடப்பட்டுள்ளன. மற்றொன்று தீவிர நிலை. அது 0 முதல் 7 வரை எட்டுப் படிகளைக் கொண்டது. பூச்சியம் அமைப்பே பயன்படாத நெருக்கடியைக் குறிக்கும்; ஏழு, நிரலைத் திருத்துவோருக்கு மட்டும் பயன்படும் குறிப்பு. பிரிவு எண்ணை எட்டால் பெருக்கித் தீவிர எண்ணைக் கூட்டினால் வரும் தொகை செய்தியின் முகப்பில் இடப்படும். நுழைவுச் சரிபார்ப்பின் எண் 4, கடுமையான பழுதின் எண் 2 என்றால் முகப்பில் 34 என இருக்கும்.

இவ்வெண்ணை இடுபவர் நிரலை எழுதியவர். தாம் எழுதும் நிரல் எந்த நிறுவனத்தில், எந்த வேலைக்குப் பயன்படப்போகிறது என்பதை அறியாத நிலையில் அவர் இதனைச் செய்கிறார். ஆல்மனின் அமைப்பு இக்குறையை ஒரு வகையில் ஈடுசெய்தது. செய்தியை என்ன செய்வது என்னும் முடிவு நிரலை எழுதியவரிடம் விடப்படவில்லை; அது கணினியை நிருவகிப்பவர் கையிலுள்ள தனிக் கோப்பில் வைக்கப்பட்டது. அக்கோப்பின் ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கம் தெரிவு, வலப்பக்கம் செயல். அஞ்சல் பிரிவின் செய்திகள் யாவும் இக்கோப்புக்கு, நெருக்கடிச் செய்திகள் நுழைந்திருக்கும் அனைவரின் திரைக்கும், மற்றவை வேறொரு கணினிக்கு என அவர் எழுதிக்கொள்ளலாம். தீவிரத்தை மதிப்பிடும் உரிமை அனுப்புவோரிடமும், அதன்மேல் செயற்படும் உரிமை பெறுவோரிடமும் இவ்வாறு பிரிக்கப்பட்டன. பின்வந்த கண்காணிப்பு மென்பொருள்கள் பலவும் இப்பிரிவினையைக் கையாண்டன.

சிஸ்லாக்கின் மற்றும் இரு சிறு விதிகளும் குறிப்பிடத்தக்கவை. ஒரே செய்தி அடுத்தடுத்து வந்தால் ஒவ்வொன்றையும் எழுதாமல், ‘முந்தைய செய்தி இத்தனை முறை வந்தது’ என ஒரே வரியில் சுருக்குதல் ஒன்று. இது வட்டிடத்தைச் சேமித்தது. ஆயினும் ஒவ்வொரு செய்தியும் எந்நொடியில் வந்தது என்னும் தகவல் இதனால் இழக்கப்பட்டது. மற்றொன்று, வேறு செய்தி எதுவும் இல்லாதபோதும் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை ஓர் அடையாள வரியை எழுதும் விதி. செய்தி இல்லாமை இரு பொருள் தரும்: எல்லாம் நலமாக இருக்கலாம், அல்லது பதிவு செய்யும் நிரலே செத்திருக்கலாம். இரண்டையும் வேறுபடுத்தவே அந்த வெற்று வரி. இவ்விதியின் அருமை 2003இல் விளங்கியது.

பரவலாகப் பயன்பட்டபோதிலும் சிஸ்லாக் நெடுங்காலம் எழுதப்பட்ட தரம் எதுவுமின்றியே இயங்கியது. இணையப் பொறியியல் பணிக்குழு 2001இல் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 3164 என்னும் ஆவணமும் ஒரு தரத்தை வகுக்கவில்லை. நடைமுறையில் காணப்பட்டதை எழுதிவைத்தது. அதன்படி நேரக்குறிப்பில் மாதம், நாள், மணி, நிமிடம், நொடி உண்டு. ஆண்டு இல்லை, நேர வலயமும் இல்லை. செய்திகள் சென்று சேர்ந்தனவா என்னும் உறுதி தராத நெறிமுறையில் அவை அனுப்பப்பட்டன. 2009 மார்ச்சில் ரைனர் கெர்ஹார்ட்ஸ் எழுதிய ஆர்.எஃப்.சி. 5424 நேரக்குறிப்பைச் செம்மைப்படுத்தியது. அதே ஆவணத்தின் பின்னிணைப்பு, தீவிர நிலை என்பது அவரவர் மதிப்பீட்டைச் சார்ந்தது என்றும், எல்லா அனுப்புநர்களும் அதனை ஒரே பொருளில் ஆள்வதாகப் பெறுவோர் கொள்ளலாகாது என்றும் எச்சரிக்கிறது. கால் நூற்றாண்டுக் காலம் உலகெங்கும் வடிகட்டு விதிகளுக்கு அடிப்படையாக இருந்த எண் இது என்பதை எண்ணிப்பார்த்தால் இக்கூற்றின் கனம் விளங்கும்.

தொலைத்தொடர்புத் துறை இதே காலத்தில் வேறு வழியில் சென்றது. 1992இல் வெளியான எக்ஸ்.733 பரிந்துரை அலாரத்திற்கு ஆறு நிலைகளை வகுத்தது. அவற்றுள் ஒன்று ‘நீங்கியது’ என்பது. சிஸ்லாக் செய்தி வந்து போகும் ஒரு கூற்று; அதற்கு முடிவு என்பது இல்லை. எக்ஸ்.733இன் அலாரமோ தொடங்கி, நீடித்து, நீங்கும் ஒரு நிலை. இவ்வேறுபாடு அறியப்படாத இடங்களில், பழுது தீர்ந்த பின்னும் அலாரம் திரையில் நின்றுகொண்டிருக்கும். இரு மரபுகளையும் இணைக்கும் முயற்சியாகச் சிஸ்லாக் செய்தியில் அலாரத்தைப் பொதிந்து அனுப்பும் முறை ஆர்.எஃப்.சி. 5674ஆக 2009இல்தான் வெளிவந்தது.

பதினொரு நிமிடங்களில் 275: மில்ஃபோர்ட் ஹேவன், 1994

1994 ஜூலை 24, ஞாயிற்றுக்கிழமை. வேல்ஸ் நாட்டின் மில்ஃபோர்ட் ஹேவனில் உள்ள டெக்சகோ எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் காலையில் வீசிய இடிமின்னல் புயலால் இயக்கம் குலைந்தது. பிற்பகல் 1:23 மணிக்கு வெடிப்பு நிகழ்ந்தது. ஏறத்தாழ 20 டன் எளிதில் தீப்பற்றும் ஹைட்ரோகார்பன் வெளியேறித் தீப்பற்றியது. 26 பேர் சிறு காயங்களுடன் தப்பினர். ஞாயிறாதலால் ஆலையில் ஆட்கள் குறைவாக இருந்தனர்.

காரணம் முன்னர்க் கண்டதை ஒத்தது. ஒரு கட்டுப்பாட்டு வால்வு மூடியிருந்தது. திரை அதைத் திறந்திருப்பதாகக் காட்டியது. வெளியேற வழியில்லாத கலத்துக்குள் திரவம் தொடர்ந்து செலுத்தப்பட்டது. வெடிப்புக்கு முந்தைய இறுதி 11 நிமிடங்களில் இரு பணியாளர்கள் 275 அலாரங்களை உணர்ந்து, ஏற்று, செயற்பட வேண்டியிருந்தது எனப் பிரித்தானியச் சுகாதார, பாதுகாப்பு நிருவாகத்தின் 1997ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. இரண்டரை நொடிக்குள் ஓர் அலாரம். அலாரங்கள் மிகுதி என்பதோடு அவற்றின் முன்னுரிமை வரிசை சரியில்லை என்பதும் அறிக்கையின் முடிவு.

இவ்வறிக்கை வரலாற்றில் ஒரு திருப்பம் என்பது கட்டுரையாளரின் கருத்து. அதுவரையிலான இயல்பான போக்கு, ‘அலாரம் ஒலித்தது, பணியாளர் கவனிக்கவில்லை’ என்று முடித்துவிடுவது. அலாரம் ஒன்று ஒலித்ததற்கான பதிவு இருந்தால் நிருவாகம் தன் கடமையைச் செய்ததாகக் கருதப்படும்; மிச்சப் பொறுப்பு கீழே உள்ளவர் தலையில் விழும். ஆகவே ஐயம் தோன்றும் ஒவ்வோர் இடத்திலும் ஓர் அலாரம் வைத்துவிடுவது வடிவமைப்பாளருக்குப் பாதுகாப்பானது. முன்பு ஓர் அலாரம் வைக்கக் கம்பி இழுத்து விளக்குப் பொருத்த வேண்டியிருந்தது. பலகையிலும் இடம் வேண்டும். கணினிமயமானபின் அது ஓர் எண்ணைத் தட்டச்சிடும் வேலையாயிற்று. செலவு குறைந்ததும் எண்ணிக்கை பெருகியது. 1997 அறிக்கை, கேட்கப்பட முடியாத அலாரத்தை அலாரமாக ஏற்கவில்லை. பொறுப்பு, பணியாளரிடமிருந்து விதியை எழுதியவரிடம் ஒரு படி நகர்ந்தது.

இதன் தொடர்ச்சியாகப் பொறியியல் கருவிகள், பொருள்கள் பயன்படுத்துவோர் சங்கம் 1999இல் வெளியிட்ட 191ஆம் எண் வழிகாட்டி அளவுகளை முன்வைத்தது. சாதாரண நேரத்தில் ஒரு பணியாளருக்குப் பத்து நிமிடங்களுக்கு ஓர் அலாரத்திற்குக் குறைவாக வந்தால் அது ஏற்கத்தக்கது. ஆலையில் பெருங்குலைவு நேரும்போது முதல் பத்து நிமிடங்களில் பத்துக்கு மிகலாகாது. முன்னுரிமையில் உயர்ந்தவை 5 விழுக்காடு, நடுத்தரமானவை 15, எஞ்சிய 80 தாழ்ந்தவை என்னும் பகிர்வும் பரிந்துரைக்கப்பட்டது. மில்ஃபோர்ட் ஹேவனின் 275ஐ இதனோடு ஒப்பிடலாம். இங்கு அளவுகோல் இயந்திரத்தின் திறனிலிருந்து பெறப்படவில்லை. மனிதர் ஒருவர் படித்து, விளங்கி, கை நீட்டிச் செயற்பட ஆகும் காலத்திலிருந்து பெறப்பட்டது.

2009இல் அமெரிக்காவில் ஐ.எஸ்.ஏ. 18.2 தரமும், 2014இல் பன்னாட்டளவில் ஐ.இ.சி. 62682 தரமும் வெளிவந்தன. இவற்றின்படி, பணியாளரின் மறுவினையைக் கோராத எதுவும் அலாரம் ஆகாது. அது பதிவுக்கு உரியது. ஒவ்வோர் அலாரத்திற்கும் காரணம், விளைவு, செய்ய வேண்டிய செயல், அதற்குள்ள கால அளவு ஆகியவை எழுதப்பட வேண்டும். எழுத முடியாவிட்டால் அந்த அலாரம் நீக்கப்பட வேண்டும். தொந்தரவு தரும் அலாரத்தைச் சிறிது காலம் கிடப்பில் வைக்கும் உரிமையைப் பணியாளருக்கு அளித்த இத்தரங்கள், கிடப்பில் உள்ளவற்றின் பட்டியல் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றும் விதித்தன.

அலாரமே வராத பிற்பகல்: 2003 ஆகஸ்டு 14

மிகையைப் பற்றிய கவலை முதிர்ந்துகொண்டிருந்த காலத்தில் எதிர்த்திசையில் ஒரு நிகழ்வு நேர்ந்தது. 2003 ஆகஸ்டு 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கு, மத்திய மேற்குப் பகுதிகளிலும் கனடாவின் ஒண்டாரியோவிலும் ஏறத்தாழ 5 கோடி மக்கள் மின்சாரம் இழந்தனர். 61,800 மெகாவாட் அளவிலான மின்பளு அறுந்தது. இரு நாடுகளின் கூட்டுப் பணிக்குழு 2004 ஏப்ரலில் வெளியிட்ட இறுதி அறிக்கை, ஒகையோ மாநிலத்தின் ஃபர்ஸ்ட் எனர்ஜி நிறுவனக் கட்டுப்பாட்டு அறையில் நடந்தவற்றை நிமிடவாரியாகத் தருகிறது.

பிற்பகல் 2:14 மணிக்கு அந்த அறையின் அலாரமும் பதிவும் செயலிழந்தன. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் எக்ஸ்.ஏ.21 மென்பொருளில் இரு செயல்கள் ஒரே தரவை ஒரே கணத்தில் தொட்டதால் அலார நிரல் முடிவற்ற சுழலில் சிக்கியது என்பது பின்னர்க் கண்டறியப்பட்டது. திரைகள் அணையவில்லை, பிழைச்செய்தி வரவில்லை. வரவேண்டிய அலாரங்கள் வரிசையில் குவிந்தன. 2:41க்கு முதன்மைச் சர்வர் விழுந்தது. மாற்றுச் சர்வர் அதே குவியலோடு பொறுப்பேற்று 2:54க்குத் தானும் விழுந்தது. ஒன்று முதல் மூன்று நொடிகளில் புதுப்பிக்கப்படும் திரைகள் 59 நொடிகள் வரை எடுத்துக்கொண்டன. சர்வர் விழுந்த செய்தி கணினிப் பிரிவினருக்குத் தானியங்கியாகச் சென்றது. அவர்கள் 3:08க்கு அதனை மீண்டும் இயக்கினர். ஆனால் அலாரங்கள் மீண்டும் வருகின்றனவா என்று கட்டுப்பாட்டு அறைப் பணியாளர்களைக் கேட்கவில்லை. கணினிப் பிரிவின் நோக்கில் சர்வர் இயங்குகிறது, ஆகவே பழுது தீர்ந்தது.

இதற்கிடையில் 2:32க்கு அண்டை நிறுவனத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. ஒரு 345 கிலோவோல்ட் தடம் அறுந்து மீண்டும் இணைந்ததை அவர்கள் கண்டிருந்தனர். இங்கு எந்த அலாரமும் இல்லை. 3:05, 3:32, 3:41 ஆகிய நேரங்களில் மூன்று 345 கிலோவோல்ட் தடங்கள் மரங்களைத் தொட்டு அறுந்தன. அலார அமைப்பு செத்துவிட்டது என்பதை அந்த அறை 3:40ஐக் கடந்த பின்னரே உணர்ந்தது. 4:06ஐ ஒட்டி நான்காம் தடமும் அறுந்தபின் சரிவைத் தடுக்க வழியில்லாமல் போயிற்று.

அந்த ஒன்றரை மணி நேரம் பணியாளர்கள் சோம்பி இருந்தார்கள் என்று அறிக்கை கூறவில்லை. வெளியிலிருந்து அழைப்புகள் வந்தன. அவற்றைத் தம் திரையோடு ஒப்பிட்டு, திரையையே நம்பினர். அலாரம் வரவில்லை என்பதை ‘நலம்’ எனப் படித்தனர். முன்னர்க் குறிப்பிட்ட சிஸ்லாக்கின் 20 நிமிட அடையாள வரி எளிய ஏற்பாடுதான். ஆனால் அதையொத்த ஏதேனும் ஒன்று அன்று அவ்வறையில் இருந்திருந்தால் 2:40க்குள் ஐயம் எழுந்திருக்கும்.

அதே நாளின் மற்றொரு நிகழ்வும் விதிகளின் வரலாற்றுக்கு உரியது. அப்பகுதி மின்கட்டமைப்பை மேற்பார்வையிட்ட மிட்வெஸ்ட் ஐ.எஸ்.ஓ. அமைப்பில், கட்டமைப்பின் நிலையைக் கணிக்கும் நிரல் நண்பகலையொட்டித் தவறான விடை தந்தது. அதனைச் சரிசெய்வதற்காக ஒரு பகுப்பாய்வாளர், அந்நிரல் ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை தானே இயங்கும் ஏற்பாட்டை நிறுத்தினார். பிழையைத் திருத்தினார். ஏற்பாட்டை மீண்டும் இயக்க மறந்து உணவுக்குச் சென்றுவிட்டார். 2:40 வரை இது கவனிக்கப்படவில்லை. ஒரு தானியங்கு விதியை நிறுத்திவைக்கும் உரிமை இருந்தது. அந்நிறுத்தத்திற்குக் கெடு இருக்கவில்லை.

விபத்தை ஆராய்ந்தவர்களும் இடர்ப்பட்டனர். பல நிலையங்களின் பதிவுக் கருவிகளில் கடிகாரங்கள் ஒத்திசையவில்லை. எது முந்தியது, எது பிந்தியது என வரிசைப்படுத்துவதே பெரும்பணியாயிற்று. நேரம் ஒத்திசைந்த பதிவுக் கருவிகள் வேண்டும் என்பது பணிக்குழுவின் பரிந்துரைகளில் ஒன்று.

விதியாக எழுதப்பட்ட பொறுமை

வலையமைப்புக் கண்காணிப்பில் இதே சிக்கல்கள் வேறு பெயர்களில் தீர்க்கப்பட்டன. ஈதன் கால்ஸ்டாட் 1999இல் நெட்செயின்ட் என்னும் பெயரில் வெளியிட்டு 2002இல் நாகியோஸ் எனப் பெயர் மாற்றிய மென்பொருள் ஒரு பழுதைக் கண்டவுடன் யாரையும் அழைப்பதில்லை. அதனை முதலில் ‘மென்’ நிலையாகக் கொண்டு, குறித்த முறைகள் மீண்டும் சோதித்து, பழுது நீடித்தால் மட்டுமே ‘வன்’ நிலையாக்கி அறிவிக்கும். ஒரு கருவி மாறிமாறி விழுந்தெழுந்தால், இறுதி 21 சோதனைகளில் நிலை எத்தனை முறை மாறியது என்று எண்ணி, அண்மைய மாற்றங்களுக்குக் கூடுதல் எடை தந்து, அளவு மீறினால் அறிவிப்பை நிறுத்தும். நடுவிலுள்ள திசைவி விழுந்தால் அதற்கு அப்பாலுள்ள கணினிகளை ‘விழுந்தவை’ எனக் கூறாது. ‘எட்ட முடியாதவை’ எனக் கூறும். அறியாததை அறிந்ததாகக் கூறாத இந்த நேர்மை, கட்டளை விளக்கையே வால்வின் நிலையாகக் காட்டிய பலகையோடு ஒப்புநோக்கத்தக்கது.

சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் 2012இல் தொடங்கப்பட்ட புரோமிதியஸ் மேலும் ஓரடி சென்றது. இங்குத் தீவிரத்தைக் கண்காணிக்கப்படும் நிரல் கூறுவதே இல்லை. அது எண்களை மட்டும் வெளியிடும். எந்த எண் எவ்வளவு நேரம் எந்த எல்லையைத் தாண்டினால் அலாரம் என்பதைக் கண்காணிப்பவரே எழுதுகிறார். சிஸ்லாக்கில் பாதியாகப் பிரிந்திருந்த உரிமை இங்கு முழுவதும் பெறுவோரிடம் வந்துவிட்டது. அதன் அலார மேலாளர் ஒத்தவற்றை ஒரே அறிவிப்பாகத் தொகுக்கிறது. பெரிய பழுது நிலவும்போது அதனால் விளைந்த சிறியவற்றை அடக்குகிறது. ஓர் அலாரத்தை ஒருவர் மௌனமாக்க விரும்பினால் தம் பெயரையும் காரணத்தையும் எழுத வேண்டும், முடிவு நேரத்தையும் குறிக்க வேண்டும். கெடு இல்லாத மௌனம் அங்கில்லை. கண்காணிப்பு அமைப்பே உயிரோடிருப்பதைக் காட்ட எப்போதும் ஒலித்துக்கொண்டிருக்கும் ஓர் அலாரத்தை அமைத்து, அது நின்றால் வெளியிலிருந்து ஒருவரை எழுப்பும் வழக்கமும் பரவியுள்ளது.

இம்மாற்றத்திற்கு விலை இல்லாமலில்லை. பெறுவோர் எழுதும் விதி, பெறுவோர் முன்பே எண்ணிப்பார்த்த பழுதுகளை மட்டுமே அறியும். நிரலை எழுதியவர் மட்டும் அறிந்த ஓர் அரிய கேடு, எண்ணாக வெளிப்படாமல் பதிவுக் கோப்பின் ஒரு வரியாகவே கிடக்கும். எனவே பதிவுகளைத் தேடும் மென்பொருள்கள் அருகருகே தொடர்ந்து வளர்ந்துவந்தன. அங்கும் அனுப்புவோர் மீதான நம்பிக்கைக்கு எல்லை வேண்டும் என்பதை 2021 டிசம்பரில் வெளிப்பட்ட லாக்4ஜே குறைபாடு உணர்த்தியது. பதிவு செய்வதற்காக வந்த உரையை அந்நிரல் கட்டளையாகவும் படித்தது. பதிவேட்டில் எழுதப்படும் சொற்களைக் கொண்டே ஒருவர் கணினியைக் கைப்பற்ற முடிந்தது.

இந்தியாவில் பதிவு விதி சட்டமாதல்

2022 ஏப்ரல் 28 அன்று இந்தியக் கணினி அவசர மறுவினைக் குழு, 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின் கீழ் ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. சேவை வழங்குநர்கள், தரவு மையங்கள், நிறுவனங்கள், அரசு அமைப்புகள் யாவும் தம் கணினி அமைப்புகளின் பதிவுகளை இயக்கி, அவற்றை 180 நாள்களுக்கு இந்திய எல்லைக்குள் பாதுகாக்க வேண்டும். குறிப்பிட்ட வகை நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திசைக்க வேண்டும். பழைய பதிவுகளை எத்தனை நாளில் அழிப்பது என்பது அதுவரை பெரும்பாலும் வட்டின் கொள்ளளவைக் கொண்டு நிருவாகி முடிவு செய்த ஒன்று. அது அரசின் முடிவாயிற்று. ஆண்டும் நேர வலயமும் இல்லாத நேரக்குறிப்போடு தொடங்கிய மரபில் கடிகாரத்தின் மூலமே சட்டத்தால் குறிக்கப்பட்டது.

ஆயினும் ஆணை பேசுவது பதிவைப் பற்றியது. ஆறு மணி நேரக் கெடு நிகழ்வை அறிந்த கணத்திலிருந்து தொடங்குகிறது. அறிவதோ அலார விதிகளைப் பொறுத்தது. எந்தப் பதிவு அலாரமாக உயர வேண்டும், எதை யார் எவ்வளவு காலம் அடக்கி வைக்கலாம், அடக்கியதற்கான குறிப்பு எங்கே இருக்க வேண்டும் என்பன குறித்து ஆணை எதுவும் கூறவில்லை. அவை இன்றும் அந்தந்த நிறுவனத்தின் அமைப்புக் கோப்புகளில், அவற்றை எழுதியவரின் மதிப்பீட்டிலேயே உள்ளன.